இரண்டாம் சுற்று

இந்த முறை நான்கு நிறம்.
போன முறை மூன்றுதான்.
டாக்டர் நசீமா சீட்டில் சூரியனும் நிலாவும் வரைந்து
எதை எப்போது விழுங்குவது என்று காட்டினார்.
படிக்கத் தெரியாதவள் என்று நினைத்தாரோ என்னவோ.
பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஏலக்காய் பொறுக்குகிறேன்.
சொல்லவில்லை. நிலா நன்றாக வந்திருந்தது.

சித்திரையில் குழாய் இறக்கி
உள்ளே ஒரு துணுக்குச் சதை கிள்ளி
மஞ்சள் மருந்தில் வைத்தார்கள்.
"சிவந்தால் கிருமி இருக்கு" என்றாள் நர்ஸ்.
டீ ஆறுவதற்குள் சிவந்துவிட்டது.
மருதாணிகூட என் கையில்
அவ்வளவு சீக்கிரம் பற்றியதில்லை.

பதினான்கு நாள்.
நாக்கில் பழைய சாவியைச் சப்பிய ருசி.
பதினைந்தாம் நாள் மிளகாய் வைத்து மீன் குழம்பு,
நானே ஆக்கி நானே முதலில் உட்கார்ந்தேன்.

ஐப்பசியில் பையில் ஊதச் சொன்னார்கள்.
ஊதுவதற்கு முன் இரண்டு வாரம்
எரிச்சலை அடக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டுமாம்.
அந்த இரண்டு வாரத்தைக்
கம்பம்மெட்டு வளைவுகளிடம் கேளுங்கள்.
ஜீப்பில் பதினாறு பேர்.
என் முழங்கால் ஒச்சம்மாள் இடுப்பில்,
அவள் தூக்குவாளி என் விலாவில்,
விலாவுக்குள் யாரோ விடாமல் அடுப்பை விசிறிக்கொண்டு.

இருக்கிறது என்று வந்தது.
"போகவே இல்லையா டாக்டர்,
போயிட்டுத் திரும்பி வந்ததா?"
"சொல்ல முடியாதும்மா."
அவ்வளவு நேர்மையாக எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை.
ஆனாலும் தேனி பஸ்சில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன்.

ஸ்டோரில் ஆளுக்கொரு வைத்தியம்.
வெறும் வயித்துல ஏலக்காய் மெல்லு என்கிறார்கள்.
காலை முதல் மாலை வரை அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
எட்டு எம்எம் தனி, ஏழு தனி, வெடித்தது தனி.
நகக்கண்ணில், முந்தானையில்,
மகன் தலையணையில்கூட அந்த வாசனை.
வயிற்றுக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை.

சூப்பர்வைசர் லிஸம்மா
"காந்தாரி இட்டிட்டில்ல, கேட்டோ" என்று
தன் கஞ்சிப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாள்.
கை போனது.
பாதியில் நின்றது.
என்னிடமிருந்து அவளுக்கா, அவளிடமிருந்து எனக்கா?
பசியில்லை என்று பொய் சொன்னேன்.
அவள் முகம் சுண்டியது எனக்குத் தெரியும்.

வீட்டில் என் டம்ளருக்கு
நெயில் பாலிஷில் ஒரு புள்ளி.
யுகேஷ் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது உன் டீமாம்மா?"
ஆமாண்டா, ஒரே ஆள் ஆடுற டீம்.

காமுத்துரையையும் டெஸ்ட்டுக்குக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள்.
"என் வயிறு கருங்கல்லு, நீ போ."
சனிக்கிழமை நடுச்சாமம் எழுந்து போனால்
கருங்கல்
அடுப்படி இருட்டில் நின்று
ரோஸ் மருந்தைப் புட்டியோடு சரித்துக்கொண்டிருக்கிறது.
பார்த்தான். பார்த்தேன்.
மூடி திருகும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

சண்டை போடலாம் என்றுதான் விடியக் காத்திருந்தேன்.
விடிந்ததும்
அவன் டம்ளரிலும் ஒரு புள்ளி.
நான் வைத்ததில்லை.
பிரஷ் பிடிக்கத் தெரியாத கை,
கோணலாக, விளிம்பு வரை வழிந்து.

இன்று ஒன்பதாம் நாள்.
மலம் தார் போல.
பயப்பட வேண்டாம், மாத்திரையின் நிறம் என்று
சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறது.
நாலரை மணி.
சூரியன் போட்ட மாத்திரைக்குச்
சூரியன் வரட்டும் என்றிருந்தால் ஜீப் போய்விடும்.

ஒச்சம்மாள் கதவோரத்து இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தாள்,
வந்தால் வெளியே எடு, என் சேலையில் வேண்டாம் என்று.
அரைமணி கழித்துத்தான் சாப்பாடு.
செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போது
இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
ஒரு விள்ளல் உள்ளே போனது.
அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு
முன்னால் வளைவு வருகிறதா என்று
எட்டிப் பார்த்தேன்.